பேட்டியில் குரலோடு குரல் மோதும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்டி எடுப்பதும், எடுத்த பேட்டிகளை ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்குவதும் என் வேலை. இரண்டிலும் ஓயாமல் தொல்லை தருவது ஒன்றுதான்: ஒருவர் பேசி முடிப்பதற்குள் மற்றவர் தொடங்கிவிடுவது. புதிதாகப் பேட்டி எடுக்க வருகிறவர்கள் இதைப் பற்றி என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆய்வுக்காகவோ, வாய்மொழி வரலாற்றுக்காகவோ, ஒளிபரப்புக்காகவோ எதற்காக எடுத்தாலும் பெரும்பாலானவை பொருந்தும். பொருந்தாத இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

இருவர் ஒரே நேரத்தில் பேசுவதும் குறுக்கே பேசுவதும் ஒன்றுதானா?

இல்லை. இதைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இரண்டு குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதை அளக்கலாம். எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று கணினியில் ஒலி அலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். குறுக்கே பேசுவது அப்படி அளக்கக்கூடியது அல்ல. ஒருவர் சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் மற்றவர் பேச்சைப் பிடுங்கிக்கொண்டார் என்று கேட்பவர் செய்யும் தீர்ப்பு அது.

ஒன்று இல்லாமல் மற்றது நடக்கும். அவர் பேசப் பேச நீங்கள் ம் கொட்டுகிறீர்கள், சேர்ந்து சிரிக்கிறீர்கள், ஒரு பெயர் நினைவுக்கு வராமல் அவர் தடுமாறும்போது எடுத்துக் கொடுக்கிறீர்கள். குரல்கள் கலக்கின்றன, ஆனால் யார் பேச்சும் பறிபோகவில்லை. இன்னொரு பக்கம், அவர் வாக்கியத்தின் நடுவே மூச்சு வாங்க நிறுத்துகிறார். அந்தச் சந்தில் நீங்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறீர்கள். இங்கே குரல்கள் தொட்டுக்கொள்ளவே இல்லை. ஆனால் அவர் சொல்ல வந்தது போய்விட்டது. என் கணக்கில் இதுதான் பெரிய தவறு. பதிவைத் திரும்பக் கேட்கும்போது எளிதில் பிடிபடாத தவறும் இதுதான்.

அதனால் குரல்கள் எத்தனை தடவை கலந்தன என்று எண்ணுவதைவிட, யாருடைய முறை பறிபோனது என்று பாருங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் எல்லாமே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

அடுத்து யார் பேசுவது என்று யாரும் சொல்லாமலே நமக்கு எப்படித் தெரிகிறது?

இதை முதலில் ஒழுங்காக எழுதிக்காட்டியவர்கள் ஹார்வி சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், கெய்ல் ஜெஃபர்சன் என்ற மூவர். 1974இல் வந்த அவர்களுடைய கட்டுரையை உரையாடலை ஆராய்பவர்கள் இன்றுவரை தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்கிறார்கள். அதன் சாரம் இது: பேச்சு சின்னச் சின்னத் துண்டுகளாக வருகிறது. ஒரு சொல்லாகவோ, தொடராகவோ, முழு வாக்கியமாகவோ இருக்கலாம். ஒவ்வொரு துண்டின் முடிவும் முறை மாறக்கூடிய இடம். அந்த இடத்தில், பேசுபவர் ஏற்கெனவே ஒருவரைக் கேள்வி கேட்டோ பெயர் சொல்லியோ அழைத்திருந்தால் அவர் பேசுவார். அப்படி யாரையும் அழைக்கவில்லை என்றால் யார் முதலில் தொடங்குகிறாரோ அவருக்கு முறை. யாரும் தொடங்கவில்லை என்றால் பேசிக்கொண்டிருந்தவரே தொடரலாம்.

பேட்டியில் இது இன்னும் இறுக்கமாகிறது. ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் சொல்ல வேண்டும் என்று முறை முன்கூட்டியே பங்கிடப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு பதில் எங்கே முடிகிறது என்பதை அது சொல்வதில்லை. ஐந்து வாக்கியம் சொல்ல நினைத்தவருக்கு முதல் வாக்கியத்தின் முடிவிலேயே முறை மாறக்கூடிய ஓர் இடம் வந்துவிடுகிறது. பேட்டியில் நடக்கும் மோதல்களில் பெரும்பகுதி அந்த இடத்தில்தான்.

மற்றவர் முடித்த பிறகு பேசத் தொடங்கினால் மோதலே வராதே. ஏன் முடிவதில்லை?

காத்திருந்து பேசும் அளவுக்கு நேரம் இல்லை என்பதால். 2009இல் ஜப்பானியம், டேனிஷ், இத்தாலியம், லாவோ, கொரியம் உட்படப் பத்து மொழிகளில், ஆம்-இல்லை என்று பதில் வரும் கேள்விகளை எடுத்து அளந்தார்கள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே சராசரியாகச் சுமார் 200 மில்லி வினாடிதான் இருந்தது. ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஜப்பானியத்தில் அதைவிடவும் குறைவு, டேனிஷில் கொஞ்சம் அதிகம். ஆனால் எல்லா மொழிகளும் அந்த 200ஐச் சுற்றியே இருந்தன.

இன்னொரு பக்கம், ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரை வாயால் சொல்வதற்கே மூளைக்குக் குறைந்தது 600 மில்லி வினாடி வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எதிரில் இருப்பவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைத் தயார் செய்யத் தொடங்கிவிடுகிறோம், அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்தும்விடுகிறோம். ஊகம் அரை நொடி முந்தினாலும் குரல்கள் மோதும். ஆக, மோதலில் பெரும்பகுதி மரியாதைக் குறைவால் வருவதில்லை. கவனமாகக் கேட்டு ஊகிப்பதால் வருகிறது. பேட்டியில் ஓரிரு இடத்தில் மோதிவிட்டதற்காகக் கூசிப்போகிறவர்களுக்கு இதை நான் அழுத்திச் சொல்வதுண்டு.

தமிழில் பேட்டி எடுக்கும்போது இதில் ஏதாவது தனிச் சிக்கல் உண்டா?

உண்டு. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. செய்தாரா இல்லையா, அவரே பார்த்ததா பிறர் சொன்னதா, உறுதியா சந்தேகமா, எல்லாம் வாக்கியத்தின் வால் பகுதியில்தான் இருக்கின்றன. “நான் அந்தக் கூட்டத்துக்குப் போனேன்னு…” என்று ஒருவர் தொடங்குகிறார். அதற்குப் பின்னால் “சொல்றாங்க” வரலாம், “சொல்ல முடியாது” வரலாம், “ஒத்துக்கறேன்” வரலாம். மூன்றும் மூன்று பதில்கள். “போனேன்” என்பது காதில் விழுந்ததும் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்து அடுத்த கேள்வியைத் தொடங்கினால், அவர் சொன்னதற்கு நேர் எதிரான பதிலோடு எழுந்து போவீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் பேச்சில் வாக்கியம் முடிந்த பிறகும் வால் நீளும். “அப்படித்தான் நடந்துச்சு… எனக்குத் தெரிஞ்சு.” “அவர் ஒண்ணும் கேக்கல… நேரா.” முன்னால் வந்திருக்க வேண்டிய சொல் வினைக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது. இலக்கணப்படி வாக்கியம் முடிந்துவிட்டதால் நீங்கள் தொடங்கியிருப்பீர்கள். அவருடைய “நேரா” உங்கள் கேள்விக்கு அடியில் போய்விடும். ஆனால் அந்த ஒரு சொல்லில்தான் முழு உண்மையும் இருந்திருக்கும்: நேராகக் கேட்கவில்லை, சுற்றி வளைத்துக் கேட்டார்.

வினை வந்த பிறகும் ஒரு மூச்சு காத்திருங்கள். தமிழில் பேட்டி எடுப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள பழக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

அவர் பேசும்போது நான் ம் கொட்டலாமா?

எதற்காகப் பேட்டி என்பதைப் பொறுத்தது.

எதிரில் இருப்பவர் நெடுநேரம் தன் கதையைச் சொல்ல வேண்டும் என்றால் ம் கொட்டாமல் முடியாது. ம் கொட்டாதவரிடம் யாரும் கதை சொல்ல மாட்டார்கள். “ம்”, “ஆமா”, “அப்படியா”, “அப்புறம்” எல்லாம் முறையைப் பிடுங்குவதில்லை. முறை உங்களிடமே இருக்கட்டும், நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்கின்றன.

வானொலி, தொலைக்காட்சிச் செய்திப் பேட்டிகளைக் கவனித்துக் கேளுங்கள். அனுபவமுள்ள பேட்டியாளர் பெரும்பாலும் ம் கொட்டுவதே இல்லை. பதில் அவருக்காக அல்ல, கேட்டுக்கொண்டிருக்கும் மக்களுக்காக. அவர் “ஆமா, ஆமா” என்றால் சொன்னதை ஏற்றுக்கொண்டதாகவும், பக்கம் சாய்ந்ததாகவும் ஆகிவிடும். உரையாடல் ஆய்வாளர் ஜான் ஹெரிடேஜ் 1985இலேயே இதை விரிவாகக் காட்டியிருக்கிறார்.

வாய்மொழி வரலாறு, ஆவணப்படம் போன்றவற்றுக்கு நடுவழி ஒன்று உண்டு. ம் கொட்டுங்கள், ஆனால் குரல் எழுப்பாமல். தலையை அசையுங்கள், கண்ணால் கேளுங்கள், முகத்தில் காட்டுங்கள். பின்னாளில் அந்தக் குரலை மட்டும் தனியாக எடுத்துப் பயன்படுத்த நினைப்பவருக்கு உங்கள் “ம்” ஒவ்வொரு வாக்கியத்திலும் முள்ளாகக் குத்தும். பார்வை இல்லாத ஒருவரையோ தொலைபேசியில் ஒருவரையோ பேட்டி எடுத்தால் இந்த வழி உதவாது. அங்கே குரல்தான் வேண்டும். பதிவு கொஞ்சம் கெட்டாலும் பரவாயில்லை, எதிரில் ஆள் இருக்கிறாரா என்று அவர் சந்தேகப்பட்டு நிறுத்திவிடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. “சரி, சரி, சரி” என்று வேகமாக வரும் ம் வேறு வகை. சீக்கிரம் முடியுங்கள் என்று அதற்குப் பொருள். நாம் அறியாமலே சொல்லிவிடுவோம், பேசுபவருக்கு உடனே புரிந்துவிடும்.

பதில் முடிந்ததும் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

மூன்று வினாடி. சொல்லும்போது சின்னதாகத் தெரியும், உட்கார்ந்திருக்கும்போது யுகமாகத் தெரியும்.

சாதாரண உரையாடலில் ஒரு வினாடி அமைதியே நீளம்தான். அதற்குள் யாராவது எதையாவது சொல்லி நிரப்பிவிடுவார்கள். அந்தக் கூச்சத்தைத் தாங்கிக்கொள்வதுதான் இங்கே வேலை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகும், மாணவர் பதில் சொல்லி நிறுத்திய பிறகும், சுமார் ஒரு வினாடியே காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக்கியதும் பதில்கள் பல மடங்கு நீண்டன, கேட்காமலே பேச முன்வரும் மாணவர்கள் கூடினார்கள். பேட்டியும் அப்படித்தான். முதல் பதில் பலமுறை சொல்லிப் பழகிய பதிலாக இருக்கும். அதன் பின்னால் வரும் அமைதியைத் தாண்டி அவராகவே சொல்வது பெரும்பாலும் புதிதாக யோசித்தது.

எல்லா அமைதியும் ஒன்றல்ல. கேள்விக்கும் பதிலின் முதல் சொல்லுக்கும் நடுவே வரும் தயக்கத்துக்குத் தனிப் பொருள் உண்டு. தொலைபேசி உரையாடல்களை அளந்த ஓர் ஆய்வில், 700 மில்லி வினாடிக்கு மேல் தாமதித்து வந்த பதில்களில் மறுப்பே மிகுதியாக இருந்தது. அதற்காகத் தயங்கினாலே மறுக்கிறார் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆனால் அந்தத் தயக்கத்துக்குள் நீங்கள் புகுந்து “அதாவது ஆமான்னு சொல்றீங்க, இல்லையா?” என்று கேட்டுவிட்டால், வரவிருந்த “இல்லை”யை நீங்களே அடைத்துவிட்டீர்கள்.

“அது வந்து…” என்று இழுக்கும்போது உதவலாமா?

“அது வந்து”, “என்னன்னா”, “இந்த… இது” எல்லாம் முறையைக் கையில் பிடித்துக்கொள்ளும் சொற்கள். நான் இன்னும் முடிக்கவில்லை, சொல்லைத் தேடுகிறேன் என்று அறிவிக்கின்றன. அவர் உங்களை நிமிர்ந்து பார்த்து இழுத்தால் உதவி கேட்கிறார், எடுத்துக் கொடுக்கலாம். வேறெங்கோ பார்த்தபடி இழுத்தால் விட்டுவிடுங்கள். நீங்கள் கொடுக்கும் சொல்லை அவர் மரியாதைக்காக ஏற்றுக்கொள்வார், அப்புறம் அது அவருடைய சொல்லாக உங்கள் குறிப்பில் உட்கார்ந்துகொள்ளும்.

குறுக்கிடாமல் விட்டால் நேரம் கைமீறிப் போய்விடாதா?

இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. பதில் மருத்துவர்களிடமிருந்து கிடைக்கிறது. 1984இல் அமெரிக்காவில் 74 மருத்துவச் சந்திப்புகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். என்ன தொந்தரவு என்று நோயாளி சொல்லத் தொடங்கி, சராசரியாக 18 வினாடியில் மருத்துவர் குறுக்கிட்டுவிட்டார். சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தவர்கள் நாலில் ஒருவர்கூட இல்லை. 2002இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இதைத் திருப்பிப் போட்டார்கள். நோயாளி தாமாக நிறுத்தும்வரை வாயைத் திறக்காதீர்கள் என்று மருத்துவர்களிடம் சொல்லிவிட்டு, ரகசியமாக நேரம் எடுத்தார்கள். 335 நோயாளிகள் சராசரியாகப் பேசியது 92 வினாடி. பெரும்பாலோர் இரண்டு நிமிடத்துக்குள் தாமே முடித்துவிட்டார்கள்.

குறுக்கிட்டு மிச்சம் பிடித்ததாக நாம் நினைப்பது ஒரு நிமிடம். அதற்குக் கொடுக்கும் விலை, சொல்லாமல் விட்ட விஷயம் எதுவென்றே தெரியாமல் போவது. சாட்சிகளிடம் விசாரிக்கும் காவல்துறையினருக்காக 1980களில் ரொனால்ட் ஃபிஷர், எட்வர்ட் கைசல்மேன் இருவரும் உருவாக்கிய விசாரணை முறையிலும் இது முக்கியமான விதி: சாட்சி தானாகச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாதே, கேள்விகளைக் குறித்து வைத்துக்கொள். நினைவைத் துழாவிக்கொண்டிருப்பவரைத் தடுத்தால், விட்ட இடத்துக்குத் திரும்புவது அவருக்குக் கடினம். இரண்டு மூன்று தடவை தடுத்துவிட்டால் அடுத்த பதில்களைத் தானே சுருக்கிக்கொள்வார். எவ்வளவு சொன்னால் போதும் என்று நீங்கள் அவருக்குப் பழக்கிவிட்டீர்கள்.

சிலர் உண்மையிலேயே நிறுத்துவதில்லையே. அப்போது?

அப்போது குறுக்கிடத்தான் வேண்டும். தயங்காதீர்கள், ஆனால் இடம் பார்த்துச் செய்யுங்கள். வாக்கியத்தின் முடிவில், அவர் அடுத்த மூச்சை இழுக்கும் இடத்தில் நுழைந்தால் வெட்டியதாகத் தெரியாது. நீங்கள் கேட்கத் தொடங்கும் முன் உங்கள் மூச்சு இழுக்கும் ஒலியும், முன்னால் சாயும் உடலும்கூட அவருக்குச் செய்தி சொல்லும். அவர் கடைசியாகச் சொன்ன சொல்லையே எடுத்துத் தொடங்குங்கள்: “கணக்கைப் பார்த்தேன்னு சொன்னீங்களே, அந்தக் கணக்குல…” தன் சொல் காதில் விழுந்ததும் பெரும்பாலோர் நிறுத்துவார்கள்.

அரசியல்வாதிகளுடனான பேட்டி வேறு. அங்கே நீளமான பதில் பல சமயம் கேள்வியிலிருந்து தப்பும் வழி. 1997 மே மாதம் பிபிசி தொலைக்காட்சியில் ஜெரமி பேக்ஸ்மன் பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹவர்டிடம் ஒரே கேள்வியைப் பத்துத் தடவைக்கு மேல் கேட்டார். அதிகாரி ஒருவரின் முடிவை மாற்றப்போவதாக அவரை மிரட்டினீர்களா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு தடவையும் வேறு ஏதோ பதில் வந்தது. அதில் குறுக்கீடு உண்டு, ஆனால் அதை யாரும் பேச்சைப் பிடுங்கியதாகச் சொல்ல மாட்டார்கள். ஆம் அல்லது இல்லை என்ற பதிலுக்கான இடத்தைப் பேட்டியாளர் கடைசிவரை திறந்தே வைத்திருந்தார்.

அவர் முடித்துவிட்டார் என்று நினைத்துத்தான் பேசினேன். நான் குறுக்கிட்டதாக அவர் சொல்கிறார். யார் சரி?

இருவரும் சரியாக இருக்கலாம். பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவருடைய பேட்டிகளில் அவர் அடிக்கடி குறுக்கிடப்பட்டார், அவரும் அதைச் சொல்லிக் குறைபட்டார். ஜெஃப்ரி பீட்டி, ஆன் கட்லர், மார்க் பியர்சன் மூவரும் 1979ஆம் ஆண்டுப் பேட்டி ஒன்றை எடுத்து அந்த இடங்களை ஆராய்ந்து 1982இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். குறுக்கீடு நடந்த இடத்துக்கு முன்புவரையான துண்டுகளை மட்டும் தனியே வெட்டி, சூழல் தெரியாதவர்களிடம் போட்டுக் காட்டினார்கள். கேட்டவர்களில் பலருக்கும் அவர் பேசி முடித்துவிட்டதாகவே தோன்றியது. அவர் முடிக்காத இடத்திலும் குரலை இறக்கிக்கொண்டிருந்தார். குரல் இறங்குவது முடிந்துவிட்டதற்கான அடையாளம் என்று காது எடுத்துக்கொள்கிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறை யோசனை. பேட்டியின் முதல் சில நிமிடங்களை எளிதான, எப்படிப் பதில் வந்தாலும் பரவாயில்லாத கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். அவர் குரலை எப்படி இறக்குகிறார், முடிக்கும்போது உங்களைப் பார்க்கிறாரா, வாக்கியத்தின் நடுவே எவ்வளவு நேரம் நிறுத்துகிறார் என்று காது பழகட்டும். ஒவ்வொருவரின் தாளமும் வேறு. மொழியியலாளர் டெபோரா டானன் ஒரு விருந்து மேசை உரையாடலை ஆராய்ந்து காட்டியதும் இதுதான்: சிலருக்குக் குரலோடு குரல் சேர்வது ஆர்வத்தின் அடையாளம், மற்றவருக்கு அதுவே தள்ளிவிடுவது போல இருக்கும். முதல் வகையினரிடம் நீங்கள் கைகட்டி அமைதியாக உட்கார்ந்திருந்தால், உங்களுக்கு அக்கறை இல்லை என்று நினைத்துச் சுருங்கிப்போவார்கள்.

இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டோம். யார் விட்டுக்கொடுப்பது?

நீங்கள். எப்போதும் நீங்கள். பேட்டி அவருடைய பேச்சுக்காக நடக்கிறது, உங்கள் கேள்வியைப் பத்து வினாடி கழித்துக்கூடக் கேட்கலாம்.

சாதாரணப் பேச்சில் இப்படி மோதினால் ஓரிரு அசைக்குள் யாராவது ஒருவர் விலகிவிடுவார். விலகாதபோது குரல் உயரும், சொல் நீளும், சொன்னதையே திரும்பச் சொல்வார்கள். பேட்டியில் அந்தப் போட்டிக்குள் போகவே கூடாது. முதல் அசையிலேயே நிறுத்துங்கள்.

ஆனால் பல நேரம் அவரும் மரியாதைக்காக நிறுத்திவிடுவார். “நீங்க கேளுங்க”, “இல்ல, நீங்க சொல்லுங்க” என்று தொடங்கிவிடும். பொதுவாக “சொல்லுங்க” என்றால் போதாது. அவர் எங்கே விட்டார் என்பது அவருக்கே மறந்திருக்கும். “அன்னிக்குக் காலையில கதவைத் திறந்தப்போன்னு சொல்ல வந்தீங்க” என்று அவருடைய கடைசிச் சொற்களை அப்படியே திருப்பிக் கொடுங்கள். அதனால்தான் மோதும் நேரத்தில் உங்கள் கேள்வியை நினைவில் பிடித்துக்கொள்வதைவிட அவருடைய அரை வாக்கியத்தைப் பிடித்துக்கொள்வது முக்கியம். நான் மடியில் ஒரு தாள் வைத்துக்கொண்டு, என் பேச்சுக்கு அடியில் போன சொற்களை மட்டும் கிறுக்கி வைப்பேன். அவர் கதையை முடித்த பிறகு அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்பேன். என் பட்டியலில் இருந்த கேள்விகளைவிட அந்தத் தாளிலிருந்து கேட்டவைதான் பலமுறை நல்ல பதில்களைத் தந்திருக்கின்றன.

பெண்கள் அதிகம் குறுக்கிடப்படுகிறார்கள் என்பது உண்மையா?

ஆம், ஆனால் எண்களை நிதானமாகப் பார்க்க வேண்டும். 1975இல் சிம்மர்மன், வெஸ்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஆணும் பெண்ணும் பேசிய உரையாடல்களில் நடந்த 48 குறுக்கீடுகளில் 46 ஆண்கள் செய்தவை. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்ட எண் அது. ஆனால் பார்த்தது வெறும் 11 உரையாடல்களை. 1998இல் 43 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது ஆண்கள் அதிகம் குறுக்கிடுவது உறுதியானது, ஆனால் வேறுபாடு சிறியது. பேச்சைப் பிடுங்கும் வகைக் குறுக்கீட்டை மட்டும் தனியே எடுத்தால் வேறுபாடு கூடியது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாய்மொழி வாதங்களை ஆராய்ந்து 2017இல் வந்த ஆய்வு, நீதிபதி இருக்கையில் இருந்தாலும் பெண்கள் தங்கள் எண்ணிக்கையைவிட மிக அதிகமாகக் குறுக்கிடப்பட்டதைக் காட்டியது.

தம்பதியாக இருவரைப் பேட்டி எடுக்கும்போது இதை மறக்காதீர்கள். ஒருவரிடம் கேட்ட கேள்விக்கு மற்றவர் பதில் சொல்லத் தொடங்கினால், நீங்கள் யாரிடம் கேட்டீர்களோ அவரையே பார்த்துக்கொண்டிருங்கள். உங்கள் பார்வை எங்கே இருக்கிறதோ அங்கேதான் முறை இருக்கும். முடிந்தால் தனித்தனியாகவும் ஒரு தடவை பேசுங்கள்.

காணொளி அழைப்பில் ஏன் ஓயாமல் மோதுகிறது?

தாமதம்தான் காரணம். நாம் 200 மில்லி வினாடி இடைவெளிக்குப் பழகியவர்கள். குரல் ஒரு பக்கம் போய்ச் சேர எடுக்கும் நேரம் 150 மில்லி வினாடியைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. இணையத்தில் அது எளிதாகத் தாண்டிவிடும். பூமிக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலையாக நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் போனால், ஒளியின் வேகத்திலேயே ஒரு பக்கத்துக்குக் கால் வினாடி ஆகும். நீங்கள் கேட்டு முடித்து, அவர் உடனே பதில் தொடங்கியும், உங்களுக்கு அமைதிதான் கேட்கிறது. சரி, புரியவில்லை போலிருக்கிறது என்று கேள்வியைத் திரும்பக் கேட்கிறீர்கள். அதற்குள் அவர் பதில் வந்து மோதுகிறது.

கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள், கேட்டு முடித்ததும் ஒலிவாங்கியை அணைத்துவிடுங்கள். ம் கொட்டுவதைத் தலையசைப்புக்கு மாற்றுங்கள். பல செயலிகள் ஒரு நேரத்தில் ஒரு குரலையே முன்னால் விடும். உங்கள் சின்ன “ம்” வந்ததும் அவருடைய முக்கியமான சொல் அடங்கிப்போகும்.

பதிவு செய்யும்போது என்ன செய்தால் மோதிய இடத்தையும் மீட்கலாம்?

ஆளுக்கொரு ஒலிவாங்கி, ஆளுக்கொரு தடம். இதை ஒன்றைச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

நேரில் இருக்கும்போது இருவர் சேர்ந்து பேசினாலும் நமக்குப் புரிகிறது. குரல்கள் வெவ்வேறு திசையிலிருந்து வருகின்றன, இரண்டு காதுகளும் அவற்றைப் பிரித்துக் கொடுக்கின்றன. நடுவில் வைத்த ஒற்றை ஒலிவாங்கி அந்தத் திசையை அழித்துவிடுகிறது. அதனால்தான் நேரில் தெளிவாகக் கேட்டது பதிவில் கூழாகிவிடுகிறது. தனித்தனித் தடம் இருந்தால் உங்கள் குரலை அடக்கிவிட்டு அவருடையதை மட்டும் கேட்கலாம். சட்டையில் மாட்டும் ஒலிவாங்கிகளில் பக்கத்துக் குரலும் கொஞ்சம் கசியும், பரவாயில்லை.

எழுத்தாக்கும்போது மோதிய இடத்தை எப்படிக் காட்டுவது?

கெய்ல் ஜெஃபர்சன் வகுத்த குறியீடுகள்தான் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. எல்லாம் தேவையில்லை. குரல்கள் சேரும் இடத்தில் சதுர அடைப்புக்குறி, இடைவெளியே இல்லாமல் ஒட்டி வந்தால் சமக்குறி, அமைதிக்கு வளைவு அடைப்புக்குள் வினாடிக் கணக்கு. இந்த மூன்று போதும். நானே எழுதிய ஒரு மாதிரி:

கேட்பவர்: அப்ப நீங்க வேலையை விட்டது [அந்த வருஷமே
சொல்பவர்: [விடல. விட வச்சாங்க.
கேட்பவர்: (0.8) விட வச்சாங்கன்னா?
சொல்பவர்: அது வந்து (1.2) நானா எழுதிக் குடுத்தேன்னு[தான்
கேட்பவர்: [கடிதமா?
சொல்பவர்: காகிதத்துல இருக்கும்.

கடைசி மூன்று வரிகளைப் பாருங்கள். கேட்பவரின் “கடிதமா?” நடுவில் விழுந்தும் சொல்பவர் நிறுத்தாமல் தன் வாக்கியத்தை முடித்துவிட்டார். அவர் நிறுத்தியிருந்தால், நானாக எழுதிக் கொடுத்தேன் என்ற துண்டுதான் மிஞ்சியிருக்கும், பொருள் தலைகீழாகியிருக்கும். எழுத்தாக்குபவர் மோதலைக் காட்டாமல் வரிகளை ஒழுங்காக அடுக்கினாலும் இதே விபத்துதான். இரண்டாவது வரியும் கவனிக்க வேண்டியது. சொல்பவர் முந்திக்கொண்டு மறுக்கிறார். “விடல” எவ்வளவு அவசரமாக வந்தது என்பதை அடைப்புக்குறி மட்டுமே சொல்கிறது.

எந்தக் குரல் எது என்று பிரிக்க முடியாத இடத்தில் ஊகித்து எழுதாதீர்கள். “இருவரும் பேசுகிறார்கள், தெளிவில்லை” என்று நேரத்தோடு குறித்துவிடுங்கள்.

இதையெல்லாம் இயந்திரமே செய்துவிடாதா?

ஒருவர் மட்டும் பேசும் இடத்தில் நன்றாகவே செய்கிறது. யார் எப்போது பேசினார் என்று பிரிப்பதில், குரல்கள் கலக்கும் இடமே தானியங்கி எழுத்தாக்கத்துக்கு இன்னும் கடினமான இடம். பெரும்பாலும் ஒரு குரலை விழுங்கிவிடும், அல்லது ஒருவர் சொன்னதை மற்றவர் வாயில் போட்டுவிடும். விழுங்கியதற்கு எந்த அடையாளமும் விடாது என்பதுதான் ஆபத்து. வரிகள் சுத்தமாக இருக்கும், நீங்களும் நம்பிவிடுவீர்கள். தனித்தனித் தடமாகக் கொடுத்தால் பிழை வெகுவாகக் குறையும். பிறகு மோதிய இடங்களை மட்டுமாவது காதால் கேட்டுச் சரிபாருங்கள்.

அச்சிடும்போது மோதல்களை நீக்கிச் சீராக்கலாமா?

படிக்கச் சிரமமில்லாமல் இருக்க, ம் கொட்டியதையும் தற்செயலாக இடித்துக்கொண்டதையும் நீக்கலாம். நானும் நீக்குகிறேன். இரண்டு வகை மோதலை மட்டும் தொட மாட்டேன். கேள்வி முடியும் முன்பே அவர் மறுத்த இடம் ஒன்று. என் குறுக்கீட்டால் அவர் வாக்கியம் அறுந்துபோன இடம் இன்னொன்று. அறுந்த வாக்கியத்துக்கு நானே ஒரு வினைமுற்று போட்டு முடித்து வைக்க மாட்டேன். மூன்று புள்ளி வைத்து, அடுத்த வரியில் என் பேச்சையும் விட்டுவைப்பேன். வெளியிடும் முன் அவரைத் தொடர்புகொள்ள முடிந்தால், அந்த வரியை வாசித்துக் காட்டி அவர் என்ன சொல்ல வந்தார் என்று கேட்பேன். நாள் கடந்திருந்தாலும் பலருக்கு நினைவிருக்கும். அப்படிக் கிடைத்ததை, பிறகு கேட்டுச் சேர்த்தது என்ற குறிப்போடு சேர்ப்பேன்.